கண்டக்டரின் கட்டைவிரல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது பழிவாங்கும் கதை. பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னமும் உப்பி, தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் படுத்திருந்தேன். இதை எனக்குக் கொடுத்த புண்ணியவான் யார்? தினமும் போகும் பஸ்ஸின் கண்டக்டர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். போதாதா? பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டு, அதே நோயை அவருக்குக் கொடுத்து ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

2

'கிருமி உள்ளே நுழைந்த அன்றே கண்டக்டருக்கு...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று ஒன்றும் ஆகாது. கிருமி தொண்டையில் குடியேறி, பெருகி, ரத்தத்தில் கலந்து, எச்சில் சுரப்பியைப் போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேலாகும். அதுவரை ஆள் ஜம்மென்று நடமாடுவார். இப்படியொரு சோம்பேறி வில்லனை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவது?)

ஆகவே, கன்னம் வீங்குவதற்கு முந்தைய நாளில் தொடங்குகிறேன். எலுமிச்சைச் சாறு குடித்ததும் அவருக்குக் காதடியில் சுள்ளென்றது. பல்வலி என்று நினைத்து டியூட்டிக்குப் போய்விட்டார். எச்சிலில் கிருமி அப்போதே தயார். பஸ் முழுக்க வாரி வழங்கினார்.

3

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். போகிற போக்கில் அவருக்கு ஒரு மனைவியை எழுதினேன். இருவரும் பல வருடமாகக் குழந்தைக்கு ஏங்குகிறவர்கள் என்பது அதுவாக வந்து விழுந்தது. கன்னத்து வீக்கம் வடிகிற நேரத்தில் அவருக்கு மறுபடியும் காய்ச்சல்.

"டாக்டர், இது கீழயும் இறங்கும்னு சொல்றாங்களே?" என்றார் கண்டக்டர்.

"பெரிய ஆம்பளைங்களுக்குச் சில சமயம் விதை வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அதனால குழந்தை இல்லாமப் போறது அபூர்வம்."

"எங்களுக்கு எல்லா அபூர்வமும் நடக்கும் டாக்டர்," என்றாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

4

முடிவு ஒன்று: இறங்கவில்லை. (நான் தப்பித்தேன்.)

முடிவு இரண்டு: இறங்கியது, அப்புறம் அவர்கள்...

(மேலே எழுதக் கை வரவில்லை.)

மனைவி நேராக என்னிடமே வந்துவிட்டாள்.

"வீங்கலைன்னு ஒரு வரி எழுதினா உங்க கை தேஞ்சா போயிடும்?"

"கிருமி கதை படிக்காதும்மா."

"அப்புறம் எதுக்கு எங்க வீட்டுக்குள்ள வந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் குளியலறையிலிருந்து கண்டக்டரின் குரல்: "ஏம்மா, கொஞ்சம் இங்க வந்து பாரேன்."

அவள் ஓடினாள். என் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் வெளியே நிற்கிறேன். நீங்கள் வேண்டுமானால் தட்டிக் கேளுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.