துணி எண்ணும் நோட்டு

ஐந்து வருடம் கத்தி பிடித்துக் கற்ற வித்தையை மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொள் என்றால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் வேறு நாட்டில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே அதுதான் சட்டம். புதிதாக ஐந்து வருட அறுவைச் சிகிச்சைப் பயிற்சி. பழைய அனுபவத்தை நிரூபித்தால் இரண்டு வருடம் வரை கழிப்பார்கள். கணவருக்கு வேறு ஊரில் வேலை, பத்து வயது மகளும் அவரோடு. மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தால் மகள் இன்னும் மடியில் தலை வைப்பாள். ஐந்து வருடம் ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். டாக்டரம்மாவின் கவலை அவ்வளவுதான்.

தேர்வுக்குழு கேட்டது சொந்தக் கையால் செய்த அறுவைச் சிகிச்சைகளின் பட்டியலை. அவளுடைய பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அத்தனைக்கும் நேரே தன் பெயரை 'உதவியாளர்' என்றே எழுதி வைத்திருந்தாள். பழைய ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வழக்கம். தலைமை மருத்துவர், அதாவது பெரியவர், பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் முதல் பெயர் அவருடையதுதான். அதை மரியாதை என்று நினைத்து, யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி செய்துவிட்டாள். பெரியவரிடம் கடிதம் வாங்கலாம் என்றால் அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது.

அஞ்சு வருஷம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றார் கணவர் போனில். அவர் குரலே அதை நம்பவில்லை.

மனசு ஆறாமல் பழைய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரைப் போனில் கூப்பிட்டுப் புலம்பினாள். சிஸ்டரக்கா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வயித்தத் தைக்கறதுக்கு முன்னாடி துணி எண்ணுவோமே, அந்த நோட்டுல கையெழுத்து யாரும்மா போடுவாங்க?"

"ஆபரேஷன் பண்ணவங்க."

"பெரியவர் எத்தன தடவ போட்டிருக்காரு?"

ஒரு தடவைகூட இல்லை என்பது டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரத்தம் ஒற்றும் ஒரு துண்டுத் துணி உள்ளே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் அந்த நோட்டில் மட்டும் மரியாதை செல்லாது. யார் கை உள்ளே போனதோ அவர்தான் போட வேண்டும். அதில் சிஸ்டரக்கா யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை.

சிஸ்டரக்கா தன் விடுமுறையில் நான்கு நாள் ஆவண அறையில் தூசு தின்றார். கடைசி இரண்டு வருட நோட்டுகள் கிடைத்தன. நூற்று அறுபத்து மூன்று பக்கங்களில் அவள் கையெழுத்து. ஆஸ்பத்திரி முத்திரை குத்தி அனுப்பிவைத்தார்.

ஆறு வாரம் கழித்துக் குழுவின் பதில் வந்தது. வந்த சான்றுக்கு ஒரு வருடம் மட்டும் கழிக்கப்படும். மேலும் சான்று இருந்தால் அறுபது நாளுக்குள் அனுப்பலாம். கிடைத்தவரை லாபம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று சிஸ்டரக்காவிடம் நெகிழ்ந்துபோனாள்.

"நன்றிய அப்புறம் சொல்லு. ரெண்டுல ஒண்ணு குறையுது. எண்ணிக்க சரியா வராம நான் என்னிக்காவது தைக்க விட்டிருக்கேனா?" என்றார் சிஸ்டரக்கா. "மிச்ச மூணு வருஷ நோட்டும் மாடி அறையில கிடக்கு. நாளைக்குச் சாவி வாங்கறேன்."

அன்று சாயங்காலம் மகள் போனில் கேட்டாள், எத்தனை வருஷம் என்று முடிவாகிவிட்டதா என்று.

"இப்போதைக்கு நாலு கண்ணம்மா," என்றாள் டாக்டரம்மா. "சிஸ்டரக்கா இன்னும் எண்ணிட்டு இருக்காங்க."