படுக்கத் தெரியாத கார்னர்

அமோஸ் ஃபான்டெனோவை எங்கள் அணி இரண்டு வருடங்களில் ஒன்பது முறை நீக்கியது. எட்டு முறை திரும்பச் சேர்த்துக்கொண்டது. முதல் எட்டு முறை நீக்கியபோதும் பயிற்சியாளர் ஹல்பர்ட் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: நாமெல்லாம் ஒரே குடும்பம். நான் அமெரிக்கக் கால்பந்தில் பதினோரு வருடம் உடம்பைக் கொடுத்தவன். அந்தச் சொல் காதில் விழுந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அமோஸுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவன் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

லூசியானாவில் ஓபலூசாஸ் பக்கத்துப் பையன். அம்மா எர்னெஸ்டீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவன் படித்த கல்லூரியின் பெயரை, அங்கே படித்தவர்களைத் தவிர வேறு யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் ஆள்தேர்வு நடந்த மூன்று நாளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களின் பெயரை வாசித்தார்கள். அவன் பெயர் அதில் இல்லை. நான்காம் நாள் எங்கள் அணி கூப்பிட்டது. திறமையைப் பார்த்து அல்ல. கோடைப் பயிற்சியில் மோதிப் பழக ஆள் குறைந்திருந்தது.

அவன் கார்னர், என்னைப் போலவே. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனோடு ஒட்டிக்கொண்டு ஓடி, அவனைப் பிடிக்கவிடாமல் செய்ய வேண்டும். எங்கே போகிறோம் என்பது அவனுக்குத் தெரியும், கார்னருக்குத் தெரியாது. அதுவும் பாதித் தூரம் பின்பக்கமாக ஓட வேண்டும். வேலையைச் சரியாகச் செய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஒருமுறை கோட்டைவிட்டால் எழுபதாயிரம் பேர் எழுந்து நின்று கவனிப்பார்கள். இப்படியொரு வேலைக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

எங்கள் உடைமாற்றும் அறையில் எல்லோருடைய அலமாரிக்கும் பித்தளைப் பெயர்ப்பலகை உண்டு. அவனுடையதில் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. ஒருமுறை எழுத்தும் பிழை. திருத்தச் சொல்லேன் என்றேன்.

“எழுதினவரு மனசு கஷ்டப்படும்ணே. எப்படியும் செவ்வாய்க்கிழமை கிழிச்சிருவாங்க” என்றான்.

அதுவரை அவனோடு நான் சரியாகப் பேசியதுகூட இல்லை. வயதானவனின் இடத்தைப் பிடிக்கத்தான் இளையவர்களைக் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குச் சிரித்துக்கொண்டே இடம்விடுகிற அளவுக்கு நான் மகான் இல்லை. அன்று முதல் பேச ஆரம்பித்தேன். செவ்வாயில் நீக்கப்பட்டுப் போவதும் வெள்ளியில் திரும்ப வருவதுமாக இருந்ததால் அவன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில்தான் தங்கினான். அங்கிருந்த வரவேற்பாளர் அவன் முகத்தைப் பார்த்தே அணியின் நிலவரத்தைச் சொல்லிவிடுவாராம்.

இரண்டாம் வருட டிசம்பரில் எங்கள் கார்னர்கள் இருவருக்கு ஒரே வாரத்தில் அடிபட்டது. அதில் ஒருவன் நான், தொடைத் தசை கிழிந்தது. ‘அடுத்தவன் எழுந்து நிற்பான்’ என்று சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார் ஹல்பர்ட். எழுந்து நிற்க மிச்சமிருந்தது அமோஸ் ஒருவன்தான்.

பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று. எர்னெஸ்டீன் லூசியானாவிலிருந்து வந்து, இரண்டு கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஊன்றுகோலோடு ஓரத்தில் நின்றேன். ஒன்றரை நிமிடம் மிச்சம். நாங்கள் மூன்று புள்ளி முன்னால். எதிரணி எறிந்த பந்து காற்றில் கொஞ்சம் தாமதமாக வந்தது. அமோஸ் குறுக்கே பாய்ந்து அதைப் பிடித்துவிட்டான்.

அதோடு ஆட்டம் முடிந்தது. அதாவது, அவன் பந்தோடு அப்படியே தரையில் படுத்திருந்தால் முடிந்திருக்கும். பந்து எங்களுடையது ஆகிவிடும், மிச்ச நேரத்தை ஓட்டிவிடுவோம், கடிகாரத்தை நிறுத்த எதிரணிக்கு வழியே இல்லை. ஹல்பர்ட் “படு, படு” என்று கத்தினார். மைதானமே கத்தியது. நானும்தான். ஆனால் அவன் கண்ணுக்கு முன்னால் வெறும் புல்தரை. ஒரு மனிதன் இல்லை. இரண்டு வருடம் ஒட்டுநாடாவில் வாழ்ந்தவன் முன்னால் இப்படி ஒரு வெளி திறந்தால் என்ன செய்வான்? ஓடினான்.

இருபது கெஜம் ஓடியிருப்பான். பின்னாலிருந்து எட்டிய ஒரு கை பந்தைத் தட்டியது. அவன் விழுந்தான், பந்து உருண்டது. முந்நூறு பவுண்டு எடையுள்ள எதிரணிக்காரன் ஒருவன், வாழ்நாளில் பந்தையே தொட்டறியாதவன், அதைப் பொறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினான். அமோஸ் எழுந்து துரத்தினான். ஐம்பது கெஜம் துரத்தி, எங்கள் எல்லைக்கோட்டுக்கு இரண்டு கெஜத்துக்கு முன்னால் அந்த மலையைக் காலைக் கட்டிச் சாய்த்தான். அடுத்த முயற்சியிலேயே அவர்கள் கோட்டைக் கடந்து ஜெயித்தார்கள். அதனால் அந்தத் துரத்தலை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

செய்தியாளர்களிடம் ஹல்பர்ட் பெருந்தன்மையாகப் பேசினார். இது ஒருவனுடைய தவறு அல்ல, யாருடைய தவறு என்பதை நீங்களே பார்த்தீர்கள் என்றார். பிறகு அமோஸை உட்காரவைத்து ஏன் படுக்கவில்லை என்று கேட்டார்கள். தப்பித்துப் போகும் பதில் ஒன்றை அணி எழுதிக் கொடுத்திருந்தது. அவன் உண்மையைச் சொன்னான்.

“ஏழு வயசுலேர்ந்து எல்லாரும் ஓடு, ஓடுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க சார். படுன்னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல.”

நாடு முழுக்கச் சிரித்தது. நான் கார் நிறுத்துமிடத்தில் அவனையும் அம்மாவையும் பார்த்தேன். எர்னெஸ்டீன் அழவில்லை. பேருந்தில் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைத் தினமும் கேட்கிறவருக்கு எழுபதாயிரம் பேர் பெரிதாகத் தெரியவில்லை போலும்.

“ஓடினது தப்பில்ல கண்ணு. பந்த ஒத்தக் கையில தொங்கவிட்டுட்டு ஓடினே பாரு, அதுதான் தப்பு. முட்டை வாங்கிட்டு வரச் சொன்னாலும் நீ அப்படித்தான் வருவே” என்றார்.

அவன் தலையாட்டினான். சிரிக்கவும் செய்தான். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு அவன் தோள்கள் குலுங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மரபை உடைத்து, அணி அவனைத் திங்களன்றே நீக்கியது. ஒன்பதாவது முறை. இந்த முறை குடும்பத்தைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

அந்த வாரமே உள்ளூர் மெத்தைக் கடைக்காரர் லாயிட் பென்னிங்குரோவ் கூப்பிட்டார். விளம்பரம். அமோஸ் விளையாட்டு உடையில் ஒரு மெத்தையில் படுக்க வேண்டும். ‘படுக்க வேண்டிய நேரத்தில் படுங்கள்’ என்று ஒரு குரல் சொல்லும். மானம் என்று ஒன்று இருக்கிறது, போகாதே என்றேன். எனக்கென்ன, பித்தளையில் பெயர் இருந்தது. “என்னைப் பாத்துச் சிரிக்கிறவன் எப்படியும் சிரிக்கத்தான் போறான்ணே. எங்கம்மாவுக்கு ஒரு நல்ல மெத்தையாவது கெடைக்கட்டும்” என்று போய் ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டிருந்தான். குளிர்காலம் முழுக்க அந்த விளம்பரம் ஓடியது. காய்கறிக் கடையில் அவனைப் பார்த்தவர்கள் படுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவன் கை அசைத்துவிட்டுத் தக்காளி பொறுக்குவான். எங்கள் ஊர் விளையாட்டு ரசனை அத்தனை உயர்ந்தது.

மார்ச்சில் மேற்குக் கரை அணி ஒன்றிலிருந்து மெரிடித் ஸ்வபோடா என்ற பெண் அழைத்தார். பழைய ஆட்டங்களைத் திரையில் ஓட்டிப் பார்த்து ஆள் தேடுவது அவர் வேலை. இவரும் படுக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அமோஸ் முதலிலேயே மன்னிப்புக் கேட்டானாம்.

“அந்தக் கதை எனக்கு வேணாம் தம்பி” என்றாராம் அவர். “பந்து போனப்புறம் ஒரு நொடிக்குள்ள எந்திரிச்சிட்டே. உன் டீம்ல ஏழு பேரு தலையில கைய வச்சிட்டு நின்னாங்க. நான் எண்ணிப் பாத்தேன். எங்களுக்கு அந்த எட்டாவது ஆளுதான் வேணும்.”

களத்தில் இருந்த ஏழு பேரைத்தான் அவர் எண்ணியிருக்கிறார். ஓரத்தில் ஊன்றுகோலோடு நின்றவன் தலையிலும் கை இருந்தது.

அந்த அணியில் அமோஸ் நான்கு வருடம் ஆடினான். முதல் வருடம் பந்தை உதைத்து அனுப்பும்போது துரத்தி ஓடும் கூட்டத்தில். பிறகு தொடக்கம் முதலே களமிறங்கும் கார்னராக. பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. அவன் பெயரைச் சொன்னால் மெத்தையைத்தான் நினைத்தார்கள். ஆனால் எதிரணிகள் அவன் நின்ற பக்கம் பந்து எறிவதைக் குறைத்துக்கொண்டன. கார்னருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அதை யாரும் கைதட்டிச் சொல்வதில்லை. ஹல்பர்ட் இப்போது தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசுகிறார். அமோஸைத் தான்தான் வார்த்தெடுத்ததாக இரண்டு முறை சொல்லிவிட்டார். தோற்பதை விளக்கிச் சொல்வதில் அவருக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கும் வராது.

இருபத்தேழு வயதில் அவனுக்கு முழங்கால் போனது. யாரும் மோதவில்லை, காய்ந்த தரையில் திரும்பினான், அவ்வளவுதான். இரண்டு அறுவை சிகிச்சை. மூன்றாவது வேண்டும் என்றபோது அவனே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். விட்ட படிப்பை முடித்து, இப்போது ஓபலூசாஸில் நில அளவை செய்கிறான். சதுப்பு நிலத்தில் கோல் நட்டுக் கருவியில் கண் வைத்துப் பார்க்கிற வேலை. போன மாதம் பேசினோம். கொசு தாங்க முடியவில்லை, ஒரு முதலை எல்லைக்கல்லின்மேல் படுத்துக்கொண்டு ஒரு வாரமாக நகர மறுக்கிறது, அதன் சொந்தக்காரர் யார் என்று இரண்டு பக்கத்தாரும் வழக்குப் போடப் போகிறார்கள் என்றான். குரலில் நல்ல உற்சாகம்.