மூன்றாவது பிக்கப்

வலது தோளில் ஆரம்பித்த வலி முழங்கையைத் தாண்டி மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு வரை பிரஸ் மெஷினுக்குள் தகட்டைத் தள்ளுவது, அடி விழுந்ததும் இழுப்பது, அடுத்ததைத் தள்ளுவது. ஒரு ஷிஃப்டுக்கு மூவாயிரம் அடி. கைகால் கழுவும்போது சோப்பு நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத் தெம்பில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு கிளம்பினான். சம்மட்டி என்பது அவனுக்குப் பட்டறையில் வைத்த பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

முதுகில் கிதார்ப் பை தொங்கியது. வலிக்கிற தோளிலிருந்து வலிக்காத தோளுக்கு மாற்றினான். பத்தடி நடந்ததும் அந்தத் தோளும் வலித்தது.

போன நிகழ்ச்சியில் மானம் போயிருந்தது. நாலு பேர் கொண்ட குழு அது. பாடுவது மச்சான், அதாவது சம்மட்டியின் மனைவிக்கு அண்ணன். பட்டறையில் அதே பிரஸ் மெஷினில் அடுத்த ஷிஃப்டும் அவன்தான். கீபோர்டு வாசிப்பது ஒரு டீச்சர். டிரம்ஸ் ஒரு கார் மெக்கானிக். ஒரு கல்யாண மண்டபத்தில், சம்மட்டி தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில், கிதார் சத்தம் சுத்தமாக அறுந்து போனது. தந்திகள் ஆடுகின்றன, விரல் ஓடுகிறது, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. மச்சான் மைக்கைப் பிடித்து, "எங்க கிதார்க்காரர் இன்னிக்கு மௌன விரதம்" என்றான். முந்நூறு பேர் சிரித்தார்கள். சம்மட்டியும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இறங்கியதும் மச்சான் சொன்னான்: "மாப்ள, அடுத்த ப்ரோக்ராமுக்கு ஓட்டல் முதலாளி வர்றாரு. பிடிச்சுப் போச்சுன்னா வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு வருஷத்துக்கு நாமதான். உன் கிதார் சரியா இருந்தா நீ இருப்பே. இல்லைன்னா வேற ஆள்தான். சொந்தம்லாம் வீட்டோட."

அந்த நிகழ்ச்சி நாளை மறுநாள். நாளை பட்டறைக்கு வார விடுமுறை, அன்று ஒத்திகை. ஆக, கிதாரைச் சரிசெய்ய இந்த ஒரு மதியம்தான் இருந்தது.

ரிப்பேர்க் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரரும் ஒரு காலத்தில் மேடையில் வாசித்தவர், மச்சானுக்கும் பழக்கமானவர். கிதாரின் தகட்டைக் கழற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தார்.

"செத்துப் போச்சு" என்றார். "பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்."

தந்திகள் வந்து முடிகிற கட்டைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். அதை ஒட்டி உட்கார்ந்து, தந்தியின் ஆட்டத்தைக் கரண்டாக்கி அனுப்பும் காந்தச் சுருள்தான் பிக்கப். கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம் அந்த இடத்திலிருந்துதான் வரும்.

"உள்ள தலைமுடியைவிட மெல்லிசா செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுத்து. எங்கயோ ஒரு இடத்துல அறுந்துடுச்சு. எல்லாம் வேர்வை. நீ கிதாரை வாசிக்கிறியா, குளிப்பாட்டுறியா?"

"ஒரு வருஷமாவே மங்கிக்கிட்டுதான் வந்துச்சுண்ணே. தந்தி மாத்தினேன், ஒயர் மாத்தினேன், ஆம்ப்ளிஃபையர்ல ஸ்பீக்கரையே மாத்தினேன். ஒண்ணும் சரியா வரலை. இப்பதான் புரியுது, இது உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டு இருந்திருக்கு."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பிக்கப் அப்படிக் கொஞ்சங் கொஞ்சமா சாகாதே தம்பி. இருந்தா இருக்கும், போனா போயிடும்."

"இது போச்சே" என்றான் சம்மட்டி.

கடையில் சோதனைக்கென்றே ஒரு பழைய கிதார் இருந்தது. பின்பக்கம் குழி வெட்டி, எந்தப் பிக்கப்பையும் பின்னாலிருந்து சொருகிக் கேட்கிற மாதிரி செய்து வைத்திருந்தார். முதலில் ஒன்றைச் சொருகினார். பழைய வகை, சுற்று குறைவு, சாதுவான காந்தம். "இதுதான் உன் கிதாருக்குப் பொருத்தம். கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

சம்மட்டி வாசித்தான். கம்பளிக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. உதட்டைப் பிதுக்கினான்.

இரண்டாவது பருமனான சுருள். சத்தம் பெரிதாயிற்று, நெஞ்சில் வந்து இடித்தது. ஆனால் அதுவும் கம்பளிக்குள்தான், பெரிய கம்பளி.

"கூர்மை இல்லண்ணே. கத்தி மாதிரி வேணும். ஓட்டல் முதலாளி திரும்பிப் பார்க்கணும்."

"இதுல கூர்மை இல்லையா?" கடைக்காரர் தானே வாங்கி ஒரு தந்தியைத் தட்டிப் பார்த்தார். இவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையின் கடைசி டிராயரை இழுத்து, தூசி படிந்த ஒரு டப்பாவை எடுத்தார். "இதை ரெண்டு பேர் வாங்கி ரெண்டு பேருமே திருப்பிக் கொடுத்துட்டாங்க. கேளு."

சம்மட்டி முதல் தந்தியைத் தொட்டான்.

நகம் தந்தியில் படுகிற சத்தம் கேட்டது. தந்தியில்லை, நகம். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன வெடிப்பு, கண்ணாடியில் கீறல் விழுவது போல. அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தான், நினைவுக்கு வரவில்லை. தோள்வலி மறந்து போனது. மேலே ஏறி வாசித்தான், இன்னும் மேலே ஏறினான். தன்னையறியாமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கடைக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"இதுதாண்ணே! இதை ஏன் டிராயர்ல போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க?"

"உனக்காகத்தான்" என்றார் கடைக்காரர்.

ஒயரைப் பற்றவைக்கிற சால்டரிங் இரும்புக்கு ஸ்விட்சைப் போட்டார். சம்மட்டி மேசையோரம் கையை ஊன்றி நின்று, பழைய பிக்கப்பின் ஒயர்களை அவர் வெட்டுவதைப் பார்த்தான். சற்று நேரத்தில் இரும்பின் அடியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. கடைக்காரர் இரும்பை எடுக்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடாச்சாண்ணே?" என்று சம்மட்டி கேட்டான்.

"எங்க வேலை பார்க்கிறே?"

"பிரஸ்ஸுல. பன்னெண்டு வருஷம்."

"ம்" என்றார். புதிய பிக்கப்பை எடுத்து வைத்தார். பற்றவைத்தார். தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவில் இரண்டு காசுகளை அடுக்கி வைத்து உயரம் பார்த்தார், திருகைத் திருகினார். கொடுக்கும்போது மட்டும், "திருப்பி எடுத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். சம்மட்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

மறுநாள் ஒத்திகை மெக்கானிக்கின் ஷெட்டில். பானெட் திறந்த ஒரு காரைச் சுவரோரம் தள்ளிவிட்டு இடம் பண்ணியிருந்தார்கள். சம்மட்டியின் ஆம்ப்ளிஃபையர் எப்போதும் அங்கேதான் இருக்கும். ஒயரைச் சொருகினான். தனக்கு முன்பே மூவரும் வந்து தயாராக நின்றதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"புதுசு எப்படி மாப்ள?" என்றான் மச்சான். குரலில் தேன் வழிந்தது.

"கேளு மச்சான். அப்புறம் பேசு."

அந்தத் தனி வாசிப்பை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தான். ஒரு இடத்திலும் விரல் தவறவில்லை. அது அவனுக்கே தெரிந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தான். டீச்சர் இரண்டு காதுகளையும் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். மெக்கானிக் இஞ்சின் துடைக்கிற துணியைக் கிழித்துக் காதில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மச்சான் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"பல்லு கூசுதுடா டேய்" என்றான் மெக்கானிக். "இரும்பை ரம்பத்தால அறுக்கிற மாதிரி இருக்கு. நான் இரும்புக்காரன், எனக்கே தாங்கலை."

"கூர்மையா இருக்கணும்னுதான்..." என்றான் சம்மட்டி.

"இரு, இரு. ஒரு சோதனை" என்று மச்சான் முன்னால் வந்தான். ஆம்ப்ளிஃபையரில் கீச்சுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழில் கையை வைத்தான். "இப்ப வாசி."

வாசித்தான். மச்சான் குமிழைத் திருப்பினான்.

"இப்ப எப்படி?"

"மங்கலா இருக்கு."

"அடப்பாவி" என்றாள் டீச்சர். "இப்பதான் மனுஷங்க கேக்கிற மாதிரி இருக்கு."

"கண்ணை மூடு மாப்ள. நல்லாக் காதைத் தீட்டிக்கோ. ஏதாவது கேட்டா கையைத் தூக்கணும்."

விளையாட்டு என்று நினைத்துச் சம்மட்டி கண்ணை மூடினான். ஷெட்டுக்கு வெளியே ஒரு லாரி போவது கேட்டது. தகரக் கூரை சூட்டில் முறுக்கிக்கொள்வது கேட்டது. வேறொன்றுமில்லை. காத்திருந்தான். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ணைத் திறந்து திரும்பினான். மெக்கானிக் அவன் பிடரிக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், முப்பது சாவிகள் கோத்த வளையத்தைப் பிடித்து விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"கல்லுக்குக்கூடக் கேட்டிருக்கும்" என்றான் மெக்கானிக்.

சம்மட்டி அந்த வளையத்தைக் கையில் வாங்கினான். தானே ஆட்டிப் பார்த்தான். சாவிகள் ஒன்றோடொன்று மோதுவது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு அருகில் கொண்டுபோய் ஆட்டினான். ஆழத்திலிருந்து தகரத்தைத் தட்டுவது போல ஏதோ லேசாக வந்தது, அவ்வளவுதான். வளையத்தை டிரம் மீது போட்டான். அது விழுந்த தட்டுச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

"கடைக்காரர் நேத்தே போன் பண்ணிட்டாரு" என்றான் மச்சான். "இரும்பு சூடாகி மூக்குக்கு முன்னால பீப் பீப்னு கத்துதாம். நீ அதைப் பார்த்துக்கிட்டே சூடாச்சான்னு கேட்டியாம். அப்படிச் சிரிச்சாரு மனுஷன்."

"தெரிஞ்சா என்கிட்ட சொல்லியிருக்கலாமே அவரு."

"அவரு சொல்லணுமா? எனக்கே ஆறு மாசமாத் தெரியும். ஒவ்வொரு ப்ரோக்ராம்லயும் நீ ட்ரெபிளை முழுசா வைப்பே, நான் மைக் ஒயரைச் சரிபண்ற மாதிரி வந்து குறைச்சுட்டுப் போவேன். ஒரு தடவை கண்டுபிடிச்சிருப்பியா? கிதார் மங்கிப் போச்சுன்னு தந்தியா வாங்கித் தள்ளினே."

"நீயாவது சொல்லியிருக்கலாம் மச்சான்."

"சொன்னா உனக்குக் கேக்கவா போகுது?"

மெக்கானிக் இதற்கு டிரம்மில் ஒரு தட்டுத் தட்டினான். டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் கீபோர்டின் மேல் கவிழ்ந்தாள். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "ஏங்க, நீங்க ரெண்டு பேரும் ஒரே மெஷின்தானே? உங்க காது மட்டும் எப்படி நல்லா இருக்கு?"

"நான் காதுமூடி போடுறேன்" என்றான் மச்சான்.

பட்டறையில் மெஷினுக்கு ஒரு காதுமூடி. ஷிஃப்ட் முடிந்ததும் அதை மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், அடுத்த ஆள் எடுத்துக்கொள்வான். மச்சான் மாட்டுவதில்லை. "பாடுறவனுக்குக் காது முக்கியம். உன் வேர்வை நாத்தம் வேற ஒட்டிக்கும்" என்று முதல் வருஷமே சொல்லித் தன் லாக்கரில் வைத்துப் பூட்டினான். அன்று சம்மட்டியும் சேர்ந்து சிரித்தான். பெண் கொடுத்த வீட்டு ஆளிடம் ஒரு காதுமூடிக்காகச் சண்டை போட்டான் என்று பேர் வாங்க வேண்டுமா என்று விட்டுவிட்டான். மெஷின் துடைக்கிற பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டான். வீட்டில் மனைவி கூப்பிட்டு அவன் திரும்பாதபோது, "நான் பேசினா மட்டும் உனக்குக் கேக்காதே" என்று அவள் நொடிப்பாள். எல்லாப் புருஷன்களையும் சொல்கிற சொல்தானே என்று அதையும் விட்டுவிட்டான்.

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கீபோர்டில் ஏதோ பட்டனைத் தேடினாள்.

"சரி, நேரமாகுது" என்றான் மச்சான். "நாளைக்குக் கடைக்காரரே வந்து வாசிக்கிறேன்னு சொல்லிட்டாரு. ஆம்ப் மட்டும் இங்கயே இருக்கட்டும், அவருக்கு வேணும்."

சம்மட்டி கிதாரின் ஒயரைக் கழற்றினான். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான், பாதியில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை விடுவிக்கச் சற்று நேரம் பிடித்தது.

வாசல்வரை போனவனை மச்சான் கூப்பிட்டான். இரண்டு முறை கூப்பிட்டிருப்பான் போலிருக்கிறது. தோளைத் தட்டிய பிறகுதான் சம்மட்டி திரும்பினான். வலிக்கிற தோள்.

"மாப்ள, நாளைக்கு ரெண்டு மணி ஷிஃப்ட் எனக்கு. பட்டறையில கிரேன் ஓட்டுறவரை எனக்குப் பதிலா நிக்கச் சொல்லியிருந்தேன், அவரு இழுக்கிறாரு. நீ காலை ஷிஃப்ட் முடிச்சு அப்படியே நின்னுக்கோயேன். இனி சும்மாதானே இருக்கப் போறே?"

சம்மட்டி அவன் வாயைப் பார்த்தான். ஒவ்வொரு சொல்லும் சரியாகவே கேட்டிருந்தது.

"லாக்கர் சாவியைக் கொடு" என்றான். "காதுமூடி வேணும்."

"சாவி வீட்ல இருக்கு. ஒரு நாள்தானே, பஞ்சு வச்சுக்கோ." மச்சான் அவன் கன்னத்தில் செல்லமாகத் தட்டினான். "அதான் போயிடுச்சே, இனி என்ன போகப் போகுது?"

மறுத்துவிடலாம் என்றுதான் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் மனைவியிடம் சொன்னான். சாவி வளையத்தைச் சொன்னான், கடைக்காரரைச் சொன்னான். காதுமூடியைச் சொல்லவில்லை. அவள் வழக்கத்தைவிடச் சத்தமாக, செவிடனுக்கு விளக்குவது போல வாயை நன்றாகத் திறந்து பேசினாள்: "அண்ணன் கேட்டா செஞ்சு கொடு. ஓட்டல் கிடைச்சா அவனாவது மேல வரட்டும்." அவள் அப்படி வாயைத் திறந்து பேசியது அவனுக்குச் சாவி வளையத்தைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உள்ளே போனான். இரண்டு மணிக்கு மற்றவர்கள் கை கழுவப் போனபோது அவன் மெஷினை விட்டு நகரவில்லை. காதில் பஞ்சைப் புதிதாக மாற்றிக்கொண்டு, இரவு பத்து மணிவரை இன்னொரு மூவாயிரம் அடி அடித்தான். ஓட்டல் கிடைத்துவிட்டது என்ற செய்தி அவனுக்குப் போனில் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் மறுநாள்தான் பார்த்தான்.

அந்தப் பட்டறையில் அடுத்தவன் ஷிஃப்டில் நிற்பதற்குக் காசு வாங்க மாட்டார்கள். ஒருவன் இன்னொருவனுக்காக நின்றால், அவன் இவனுக்காக ஒரு நாள் வந்து நிற்க வேண்டும். அந்தக் கடனைப் பத்து நாளைக்குள் தீர்க்காதவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மச்சானோடு எல்லோரும் சாப்பிடுகிறார்கள். பதினோரு மாதமாயிற்று. எட்டு மணி நேரம், ஒரு முழு ஷிஃப்ட், மச்சான் சம்மட்டிக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது.