சிலோன் என்று வெட்டிய கல்

அக்டோபர் முப்பதாம் தேதி, இரண்டாம் பீரியட் மணி அடித்த பிறகு, கல்பட்டறையிலிருந்து போன் வந்தது. ரீட்டா வகுப்பை விட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"டீச்சர், அய்யா பிறந்த இடம்னு ஒரு வரி இருக்கு. சிலோன்னு போடவா, இலங்கைன்னு போடவா? உங்கம்மா ஒண்ணு சொன்னாக. உங்க மக போன்ல ஸ்ரீலங்காங்குது."

ஈஸ்வரபாண்டி உத்தமபாளையத்தில் பட்டறை வைத்திருந்தார். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குள் கல்லை நட்டாக வேண்டும். ரீட்டாவின் அப்பா மிக்கேல் ஜனவரியில் இறந்தவர். முதல் திருநாளில் வெறும் மண்மேடாக விடுவது ஊரில் வழக்கம் இல்லை.

"அந்த வரியே வேண்டாம்" என்றாள்.

"எடுத்துரவா?"

"எடுத்துருங்க."

வகுப்புக்குத் திரும்பினாள். பிள்ளைகள் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்கள்.

அந்தப் பள்ளியில் இரண்டு ரீட்டாக்கள். ஒருத்தி மேலத்தெரு ரீட்டா டீச்சர். இவள் சிலோன் டீச்சர். இவள் பிறந்தது இந்த ஊரில். சிலோனைப் பார்த்ததில்லை. ஆனாலும் வீடு சிலோன் வீடு. அப்பா வாங்கிய மாட்டைக்கூட சிலோன் மாடு என்றார்கள். மாடு போடிச் சந்தையில் வாங்கியது.

அப்பாவின் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே அவர்களுக்கு இந்தியாக்காரன் என்று பேர். எழுபத்து நாலில் இரு நாட்டு ஒப்பந்தப்படி கப்பலேற்றி அனுப்பினார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கியதிலிருந்து சிலோன்காரன். எந்த நாட்டில் இருந்தாலும் மற்ற நாட்டின் பேர்தான் கிடைத்தது. அப்பா இரண்டு பேரையும் சொல்ல மாட்டார். 'அங்கன' என்பார். கேட்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மகள் ஜாய்ஸுக்குத் தேவாரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் வீடு மிஷன் காலத்துப் பழைய குடும்பம். போன வருஷம் வேறொரு இடம் வந்து, சிலோன் வகையறாவா என்று கேட்டுவிட்டு, பிறகு போனை எடுக்கவில்லை. இந்த முறை பையனின் அம்மா மெர்லின் திருநாளுக்கு நேரில் வருகிறாள். மெர்லினிடம் சிலோனைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் யாரும் முடிவு செய்யவில்லை.

சாயங்காலம் ரீட்டா வீட்டுக்கு வந்தபோது அம்மா லூர்து மேரி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்லுல பிறந்த இடம் போடலம்மா."

"சிலோன்னு போடச் சொன்னேனே."

"அம்பது வருஷமா ஊரே சொல்லுது. கல்லும் சொல்லணுமா?"

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "உங்கப்பனுக்காகக் கேக்கல. மூத்தவன் அங்கன கெடக்கான்."

ரீட்டா பையைக் கீழே வைத்தாள். தனக்கு முன் ஓர் அண்ணன் இருந்தான் என்பது தெரியும். சூசை என்று பேர். இரண்டு வயதில் பேதியில் போய்விட்டான். அவனை அங்கேதான் புதைத்தார்கள் என்பதும் தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும். வேறு எங்கே புதைத்திருக்க முடியும். அதை அவள் நினைத்ததில்லை.

"லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால, தேயிலைக்குள்ள" என்றாள் அம்மா. "உங்கப்பா குச்சியில சிலுவை கட்டி வச்சாரு. நாங்க கெளம்பும்போதே அது இல்ல."

"இத்தன வருஷமா ஒண்ணும் சொல்லலையே நீ."

"இத்தன வருஷமா நமக்கு இங்கன கல்லு இல்லியே. இப்பத்தான வருது. திருநாளுக்குச் சாமியார் ஒவ்வொரு கல்லுக்கும் தீர்த்தம் தெளிச்சுட்டு வருவாரு. சிலோன்ங்கற பேரு மேலயும் ரெண்டு சொட்டு விழுகட்டும். அம்புட்டுதான்."

"அப்ப அவன் பேரையே போட்டுறலாமே."

"இங்கன இல்லாதவன் பேர எப்படிப் போடுறது? பங்குக் கோயில்ல ஒத்துக்கிற மாட்டாக. படுத்திருக்கவுக பேருதான் போடலாம்."

அது உண்மைதான். ரீட்டாவும் உட்கார்ந்து ஒரு கை மொச்சையை எடுத்தாள்.

"சிலோன்னு இப்ப ஒரு நாடே இல்லம்மா. பேர மாத்திட்டாக. இலங்கைன்னாவது போடுவோம்."

"அவனப் புதைக்கும்போது சிலோன்தான். அதுக்கப்புறம் பேர மாத்துனது அவனுக்குத் தெரியாது."

அம்மா உரித்த தோலை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"மெர்லின் வர்றாகன்னுதான எடுக்கச் சொன்ன?"

"ஆமா."

"அப்ப வேண்டாம். விடு."

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ரீட்டாவால் பதில் பேச முடிந்திருக்கும். அவள் எழுந்து போய் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்த கணவனுக்குப் போன் செய்தாள். "உங்கப்பா கல்லு, நீயே பாரு" என்றான் ஆண்டனி ராஜ். குமுளிப் பக்கம் மழை என்றும் சொன்னான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு உத்தமபாளையம் போனாள். பட்டறையில் கல் தயாராகச் சாய்ந்திருந்தது. பிறப்பு, இறப்பு இரண்டுக்கும் நேராக ரீட்டாவின் ஊர்ப் பேரே வெட்டியிருந்தது.

"அந்த வரி இல்லாட்டி மொட்டையா தெரிஞ்சுச்சு டீச்சர். அதான் உங்க ஊரையே போட்டுட்டேன்" என்றார் ஈஸ்வரபாண்டி.

ரீட்டா இரண்டு முறை படித்தாள். கல்லின்படி அப்பா சொந்த ஊரிலேயே பிறந்தவர். ஐம்பது வருஷம் ஊர் ஒத்துக்கொள்ளாததைக் கல் ஒத்துக்கொண்டிருந்தது. மெர்லின் வந்து படித்தால் ஒரு கேள்வியும் வராது. பஸ்ஸில் வரும்போது இதற்கு மேல் ரீட்டா எதையும் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் சூசை கிடக்கும் இடத்துக்குக் கல்லில் பேர் இல்லை.

"அழிக்க முடியுமா?"

"கிரானைட்டு டீச்சர். புதுக் கல்லுதான் போடணும். நாள் இல்ல."

"அடியில இடம் இருக்கே."

"ஒரு சொல்லு கொள்ளும்."

"சிலோன்னு போடுங்க."

"முன்னால பின்னால ஒண்ணும் இல்லாமயா? சும்மா சிலோன்னா தேயிலைப் பொட்டலம் மாதிரில்ல இருக்கும்."

"இருக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு பென்சிலை எடுத்தார்.

இரண்டாம் தேதி மாலை கல்லறைத் தோட்டத்தில் காற்று பலமாக இருந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள் மேல் செவ்வந்திப் பூ கிடந்தது. மெழுகுவர்த்திகள் ஏற்ற ஏற்ற அணைந்தன. அம்மா கல்லின் அடியில் குனிந்து, கடைசி வரியைச் சேலை முந்தியால் துடைத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

மெர்லின் நல்ல பட்டுச்சேலையில் வந்திருந்தாள். கோயிலிலிருந்து நடந்து வரும்போது ரீட்டாவை மதினி என்று அழைத்தாள். கல்யாணத்தை ஜனவரியிலேயே வைத்துக்கொள்ளலாம், பிறகு தவக்கால நோன்பு வந்துவிடும் என்றாள். ஜாய்ஸ் குனிந்து வர்த்திகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பொறுமை இருக்கு என்றும் மெர்லின் சொன்னாள்.

சாமியார் வேகமாக வந்தார். இன்னும் பாதித் தோட்டம் பாக்கி இருந்தது. நடந்தபடியே தெளித்தார். தீர்த்தம் கல்லின் தலைப்பில், சிலுவையில், மிக்கேல் என்ற பேரில் விழுந்தது. அதற்குக் கீழே வரவில்லை. அவர் அடுத்த கல்லுக்குத் திரும்பிவிட்டார்.

அம்மா கையை எடுத்து, அந்த எழுத்துகள் தெரியும்படி நகர்ந்து உட்கார்ந்தாள்.

ரீட்டா மெர்லினைப் பார்த்தாள். பிறகு சாமியாரைக் கூப்பிட்டாள்.

"சாமி. கீழயும் கொஞ்சம்."

அவர் நின்றார். எதற்கென்று கேட்கவில்லை. திரும்பி வந்து கல்லின் அடியில் ஒருமுறை உதறிவிட்டுப் போனார். வெட்டின பள்ளத்தில் தண்ணீர் தங்கியது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெர்லின் முன்னால் வந்து குனிந்தாள். கல்லை மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள். கடைசி வரியில் அவள் கண் நின்றது. நிமிர்ந்து ஜாய்ஸைப் பார்த்தாள், பிறகு கீழே உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அங்கன உங்களுக்கு யாரு இருக்கா, டீச்சர்?"