நாலாயிரத்து எண்ணூற்று இருபது

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் கொக்கி. வீடு எரிந்தவர், வண்டி நொறுங்கியவர், யார் வந்தாலும் பத்திரத்தின் பின்பக்கத்தில் எறும்பு மாதிரி அச்சடித்த ஒரு வரியைக் காட்டி, "இதைப் படிக்காம கையெழுத்துப் போட்டது யாரோட தப்பு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிக் கேட்கும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்கே நாலு அறை விடலாம்.

அப்பேர்ப்பட்ட கொக்கிக்கு ஒரு பெருமை உண்டு. ஒன்பது வயதில், கடைத்தெருவில் இருந்த வீடியோ கேம் கடையில், விண்கற்களைச் சுடும் விளையாட்டில் நாலாயிரத்து எண்ணூற்று இருபது எடுத்தாராம். ஒரு தடவை இல்லை, ஆடிய ஒவ்வொரு தடவையும். கல்யாணமான வாரத்தில் மனைவியிடம் அளக்க ஆரம்பித்தவர், இருபது வருஷமாக நிறுத்தவில்லை. போன் பூட்டுக்கு 4820, பெட்டிப் பூட்டுக்கு 4820. அந்த அம்மாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மகள் பள்ளியை முடித்து, வீடியோ கேம் உருவாக்கும் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தபோதுதான் வினை. அப்பா கையெழுத்து இல்லாமல் கொடுக்க முடியாது. திங்கட்கிழமை கடைசி நாள்.

"கேமெல்லாம் உருப்படாத வேலை," என்றார் கொக்கி. "அதுலயும் உனக்கு என்ன தெரியும்? மூணு ஆட்டம். என் ஸ்கோரைத் தாண்டு, போடறேன்."

பழைய மெஷின்களைத் தூசி தட்டி ஓடவிட்டிருக்கும் விளையாட்டுக் கூடத்தைத் தேடிப் பிடித்ததும் அவரேதான். ஞாயிறு காலை மூவரும் போனார்கள். உள்ளே சூடேறிய பிளாஸ்டிக் வாசனை; எங்கு பார்த்தாலும் பீப் பீப். கடைசி வரிசையில் அதே விண்கல் விளையாட்டு நின்றது. கொக்கி அதன் பக்கவாட்டைத் தட்டிக் கொடுத்தார். மனைவியை ஒருநாளும் அப்படித் தட்டிக் கொடுத்ததில்லை.

மகள் ஒரு டோக்கனைப் போட்டு ஆடினாள். இரண்டாயிரத்து நூறு. அடுத்தது மூவாயிரம். மூன்றாவது ஆட்டத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு மூவாயிரத்துத் தொள்ளாயிரம் வரை போனாள். பின்னால் வந்த கல்லைக் கவனிக்கவில்லை. டுமீல். முகம் தொங்கிப்போய், பையில் இருந்த விண்ணப்பத்தை இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"நகரு. எப்படி ஆடணும்னு பாரு."

கொக்கி விரல்களில் சொடக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது திரையில் கப்பல் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. பாய்ந்து பிடியைப் பிடித்தார். அடேயப்பா! கப்பல் வளைந்தது, நெளிந்தது, கல்லெல்லாம் பொடிப்பொடியானது. அவரும் கூடவே வளைந்து நெளிந்தார்.

"ஏங்க, இவ ஆடும்போது டமால் டுமீல்னு சத்தம் வந்துச்சே. இப்ப ஒண்ணையும் காணோம்?" என்றாள் மனைவி.

"நல்லா ஆடறவன் கையில மெஷின் சத்தம் போடாது. தொணதொணக்காத."

கப்பல் வெடித்தது. நாலாயிரத்து எண்ணூற்று இருபது. கொக்கி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அடுத்த மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் அம்மா ஸ்க்ரூ டிரைவரோடு எட்டிப் பார்த்தாள்.

"சார், டோக்கன் போட்டீங்களா?"

"எதுக்கு? அதான் ஓடுதே."

"அது ஆளுங்களை இழுக்கறதுக்காகத் தானா ஓடற ஆட்டம் சார். யாரும் தொடாட்டியும் ஓடும். எப்பவும் ஒரே ஸ்கோர்லதான் முடியும். வேணும்னா கையை எடுத்துட்டுப் பாருங்க."

பார்த்தார்கள். கொக்கி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கப்பல் அதே மாதிரி வளைந்தது, அதே மாதிரி நெளிந்தது, அதே இடத்தில் வெடித்தது. நாலாயிரத்து எண்ணூற்று இருபது.

"சின்ன வயசுலயும் எனக்கு இதேதான் வந்துச்சு!" என்று வாதாடினார் கொக்கி. சொன்ன பிறகுதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது உறைத்தது. மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷினைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மகள் சிரிக்கவில்லை. "ஒரு தடவைகூடக் காசு போட்டு ஆடினதில்லையாப்பா?"

"எங்கப்பா தரமாட்டாரு. கேமெல்லாம் உருப்படாத வேலைன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். மனசு சுருக்கென்றது அவருக்கு. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் ரொம்ப நேரம் இல்லை. ஏனென்றால் அடுத்த நொடியே கொக்கி மெக்கானிக் அம்மா பக்கம் திரும்பிவிட்டார்.

"டோக்கன் போட்டாத்தான் ஆட்டம்னு எங்க எழுதியிருக்கு?"

அவள் ஸ்க்ரூ டிரைவரால் காட்டினாள். திரையின் அடியில், இவ்வளவு நேரம் அவர் தொப்பை மறைத்திருந்த இடத்தில், உள்ளங்கை அகல எழுத்துகள் மின்னி மின்னி அணைந்தன: டோக்கன் போடவும்.

"படிக்காம ஆடினது யாரோட தப்பு?" என்று கேட்டாள் மனைவி.

கொக்கி கையை நீட்டி விண்ணப்பத்தை வாங்கி, மெஷின் மேலேயே வைத்து, எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மகள் அதை உறையில் பத்திரப்படுத்திவிட்டு, மிச்சமிருந்த ஒரே டோக்கனை மெஷினில் போட்டாள்.

"இப்ப ஆடுங்கப்பா."

டமால் என்று சத்தம் கிளம்பியதும் கொக்கி திடுக்கிட்டுப் பின்வாங்கினார். கப்பல் நேராகப் போய் முதல் கல்லிலேயே மோதியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது கப்பல் தப்பித் தவறி ஒரு சின்னக் கல்லைச் சுட்டுவிட்டு வெடித்தது. அறுபது.

"போன் பூட்டு நம்பரை மாத்திடவா? பூஜ்யம், பூஜ்யம், ஆறு, பூஜ்யம்?" என்றாள் மனைவி.

கொக்கிக்கு அது காதில் விழவில்லை. பிடியை விடாமல், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மகளிடம் கை நீட்டினார். "இன்னொரு டோக்கன் வாங்கிட்டு வாம்மா. இந்தத் தடவை பிடிச்சுடுவேன்."

"எதுக்குப்பா, உருப்படாத வேலை," என்றாள் மகள், உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தபடியே.