மூன்றாம் வார்டின் ஒருமனம்

"கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நான் போட்டு முடிச்சுட்டேன்."

ஹார்லன் தன் தபால் ஓட்டுச் சீட்டை முடித்த கையோடு, மனைவி ஓபலின் சீட்டையும் இழுத்து வைத்து, பெயர்களுக்கு நேரே இருந்த முட்டை வடிவக் கட்டங்களைக் கறுப்பு மையால் அடைத்திருந்தான். டோனட் சர்க்கரை ஒட்டிய கட்டைவிரல் தாளின் ஓரத்தில் பதிந்திருந்தது. ஓபல் வேலைச் சீருடையோடு அடுப்பருகில் நின்றாள். தபால் ஓட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படித்தான்.

"பஸ் விஷயத்தையாவது நான் போட்டிருப்பேனே, ஹார்லன்."

மில்பர்ன் ஊரில் ஓடுவதே இரண்டு பஸ். அவை தொடர்ந்து ஓடக் கொஞ்சம் விற்பனை வரி போடலாமா, வேண்டாமா என்று சீட்டின் அடியில் கேட்டிருந்தார்கள். அந்த இரண்டு பஸ்ஸில் ஒன்றில்தான் ஓபல் விடியுமுன் முதியோர் இல்லத்துச் சலவை வேலைக்குப் போகிறாள். வண்டி ஓட்ட அவள் பழகவில்லை. பழக்கிவிட ஹார்லனுக்கு நேரமில்லையாம். டயர் ஆலை மூடியதிலிருந்து அவனிடம் மிச்சமிருப்பதே நேரம்தான்.

"அது டோனட் கடையிலயே முடிவாயிடுச்சு. வரி வேணாம்."

"அங்க உக்கார்றவங்க யாராவது பஸ்ல போறீங்களா?"

"யாரும் போறதில்ல. அதான் வேணாம்ங்கிறோம்." தன் சாமர்த்தியத்துக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

"நான் போறேனே."

"உன்கூட வேலை செய்யற யுனிஸோட போயிக்கோ."

"யுனிஸும் அதே பஸ்லதான் வர்றா."

"உனக்கு எப்பவும் உன் கதைதான். ஊரைப் பத்தி யோசிக்கணும் ஓபல், ஊரைப் பத்தி!"

ஊரைப் பற்றி யோசிக்கிற அந்த டோனட் கடைச் சபை காலையில் ஒரு கோப்பை காப்பி வாங்கும். அதையே திரும்பத் திரும்ப நிரப்பிக் குடிக்கும். நீதிபதியும், ஷெரிஃப் என்கிற போலீஸ் தலைவரும்கூட இங்கே ஓட்டில்தான் வருகிறார்கள்; அது யார் யார் என்று தீர்மானிக்கும். பிறகு ஆளாளுக்கு வீட்டுக்குப் போய் இரண்டிரண்டு சீட்டை அடைப்பார்கள். அதனால் ஓட்டுப் பதிவில் எங்கள் மூன்றாம் வார்டுதான் ஊருக்கே முதல். போன தேர்தல் முடிந்ததும் ஒரு பேராசிரியர் கட்டம் போட்டுப் பத்திரிகையில் எழுதினார்: இந்த வார்டில் கணவனும் மனைவியும் அதிசயிக்கத்தக்க ஒருமனத்தோடு வாக்களிக்கிறார்களாம். பெரிய படிப்பு. ஒரு வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்க்க மட்டும் அதில் பாடமில்லை போலிருக்கிறது. டோனட் கடைச் சபையார் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்தார்கள்.

ஓபல் கையெழுத்துப் போட்டாள். "ரெண்டையும் குடு. போற வழியில பெட்டியில போட்டுடறேன்."

அவனுடைய உறையை ஒழுங்காகத் தபால் பெட்டியில் போட்டாள். அவன் ஓட்டு அவனுடையது. தன் உறையைச் சீருடைப் பையிலேயே வேலைக்குக் கொண்டுபோய், தரை துடைக்கிற அழுக்குத் துணிகளோடு சலவை இயந்திரத்துக்குள் எறிந்து கதவைச் சாத்தினாள்.

"என்னத்தடி போட்டே உள்ள?" என்றாள் கூட வேலை செய்யும் யுனிஸ்.

"ஹார்லனோட அபிப்பிராயம்."

"அப்ப ப்ளீச் கொஞ்சம் தாராளமா ஊத்து."

தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் ஓபல் சர்ச்சின் அடித்தளத்தில் இருந்த ஓட்டுச்சாவடிக்குப் போனாள். பெயர் சரிபார்க்கும் மேசையில் பியூலா உட்கார்ந்திருந்தாள். டோனட் கடையில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசும் வெர்னனின் மனைவி. மற்ற நாட்களில் அவளும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறவள்.

"உனக்குத் தபால்ல சீட்டு வந்திருக்கே, ஓபல்?"

"வந்துச்சு. துணியோட வெளுக்கப் போட்டுட்டேன்."

பியூலா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஹார்லனுக்குத் தெரியுமா?"

"அது இங்க கேக்கவேண்டிய கேள்வியா?"

பியூலாவுக்குக் காது சிவந்தது. ஒரு சீட்டையும் உறையையும் எடுத்து நீட்டினாள். "இதுல வச்சுக் குடு. தபால் சீட்டு வந்து சேரலைன்னு பாத்துட்டு எண்ணுவாங்க." பிறகு குரலை இறக்கி, "வெளுக்கப் போடலாம்னு எனக்குத் தோணாமப் போச்சே," என்றாள்.

தபால் ஓட்டு வந்த பிறகு முதன்முறையாக ஓபல் தன் கையால் முட்டைகளை அடைத்தாள். பஸ்ஸுக்கு நேரே இருந்ததை மட்டும் இன்னொரு தடவை அழுத்தி அடைத்தாள்.

வரி தோற்றது. டிசம்பரோடு பஸ் நிற்கும் என்று பத்திரிகை சொன்னது. ஹார்லன் உரக்கப் படித்துவிட்டு மேசையைத் தட்டினான்.

"பாத்தியா? நம்ம வீட்டுலேர்ந்து மட்டும் ரெண்டு ஓட்டு!"

"ஒண்ணுகூட இல்ல."

"என்ன உளர்றே?"

"என் சீட்டை வெளுத்துட்டு, சர்ச்சுக்குப் போயி பஸ் வேணும்னு போட்டேன். உன் ஓட்டை என் ஓட்டு தின்னுடுச்சு, ஹார்லன். நீ அங்க குடிச்ச காப்பியெல்லாம் தண்டம்."

இதற்கு என்ன சொல்வதென்று சபையிடம் கேட்டுவர அவன் டோனட் கடைக்குக் கிளம்பினான்.

ஜனவரியில் முதல் வேலைநாள். வெளியே உறைபனி. ஓபல் போர்வையை உருவினாள்.

"எந்திரி. வண்டிய எடு."

"இந்நேரத்துக்கா?"

"பஸ் இல்ல. உன் வண்டிக்கு பெட்ரோல் ஊத்துறது என் சம்பளம். எந்திரி."

முனகிக்கொண்டே எழுந்தான். தெருவில் இறங்கினால், வாசலுக்கு வாசல் வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. வெர்னன் வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பியூலா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே காத்திருந்தாள். சபை உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பியூலா மட்டும் ஓபலைப் பார்த்துக் கையசைத்தாள்.