நிற்கும்போது உதறும் வண்டி

"ஓடும்போது ஒண்ணியும் இல்லப்பா. நின்னாதான் உதறுது."

ஸ்டானிஸ்லாஸ் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. மெக்கானிக் ஜெயவேல் கையிலிருந்த ஸ்பேனரைத் தகர டப்பாவுக்குள் போட்டான். அந்தச் சத்தமே பதிலாக இருந்தது. சுமோவின் முன்சீட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸுக்குப் புருஷன்மேலும் ஆத்திரம் வந்தது, மெக்கானிக்மேலும் ஆத்திரம் வந்தது.

அவளுக்கு அலுத்துவிட்டது. ராயபுரத்தில் வீட்டு வாசலில் ஏறித் தண்டையார்பேட்டைப் பட்டறையில் இறங்குவது ஒரு பயணமா? ஆனால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் அதுவே ஒரு பொழுதை விழுங்கிவிடும். லாரிக்காரன் இறங்கி டீ குடித்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்துதான் வண்டியை எடுப்பான். அதுவரை பின்னால் நிற்கிறவன் நிற்க வேண்டியதுதான். நிற்கும்போதுதான் இவர் ஆரம்பிப்பார்: "இதோ உதறுது பாரு."

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீசல் வண்டி என்றால் கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும் என்பது அவள் எண்ணம். ஆனால் இயந்திர விஷயத்தில் ஸ்டானிஸ்லாஸை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வராது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். அவர் பெட்டி இறக்கினால் கீழே நிற்கிற லாரிக்கே தெரியாது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். கல்யாண வீடுகளில் அவர் கையைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கைதாம்மா!" என்பார்கள். அந்தப் பெருமையில் ஃப்ளோரன்ஸுக்கும் பங்கு உண்டு.

ரிடையர் ஆனதும் குடும்பத்துக்கென்று இந்தப் பழைய சுமோவை வாங்கினார். கண்ணாடியில் 'ஆரோக்கிய மாதா துணை' என்று எழுதினார். மகன் நோயல் லைசென்ஸ் வைத்திருந்தும் சாவியைத் தொடவிடவில்லை. "நா உசுரோட கீற வரிக்கும் இந்த ஸ்டீரிங்க என் கைதான் புடிக்கும்" என்று சொல்லிவிட்டார். மகள் சாண்ட்ராவின் குழந்தைக்கு வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக வேண்டுதல். கொடியேற்றம் நெருங்கிவிட்டது. பிள்ளைகள், மருமகன், சம்பந்தி என்று வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரமும் தானே ஓட்டப்போவதாக, சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

வேலையை விட்டபின் மனிதர் பக்திமானாகவும் மாறியிருந்தார். சாயந்திரம் டிவி முன்னால் உட்கார்ந்தால், இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஜெபமாலை மணியை உருட்டுகிற மாதிரி உரசிக்கொண்டே இருக்கும். மாலையே இல்லாமல்! ஒரு காலத்தில் பூசைக்கு வா என்றால் ஷிப்டைக் காரணம் சொல்லித் தப்பித்தவர். ஃப்ளோரன்ஸுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கோயிலில் பக்கத்தில் உட்காரும் சிலுவையம்மாளிடம், "எங்க வூட்டுக்காரரு மனசுக்குள்ளியே ஜெபம் சொல்றாரு" என்று பெருமை பேசியிருந்தாள்.

வண்டிக் கதைக்கு வருவோம். முதல் தடவை ஜெயவேல் பார்த்தபோது உண்மையிலேயே கோளாறு இருந்தது. இஞ்சினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது, மாற்றினான். நாலு நாள் சும்மா இருந்துவிட்டு ஸ்டானிஸ்லாஸ் மறுபடியும் வந்து நின்றார். இந்தத் தடவை டீசல் ஃபில்டரை மாற்றி, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்த்து, டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிச் சோதித்து மாட்டினான். எல்லாம் முடிந்ததும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுத்தான். ஸ்டானிஸ்லாஸ் காதில் விழவில்லை. ஃப்ளோரன்ஸ் காதில் விழுந்தது. யாரைப் பார்த்து என்ன பேசுகிறான்! வீடு திரும்பும் வரை அவளுக்கு வயிறு எரிந்தது.

இன்றைக்கு மூன்றாவது தடவை.

"ஸ்டார்ட் பண்ணுண்ணாத்த," என்றான் ஜெயவேல்.

ஸ்டானிஸ்லாஸ் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமி அடங்கி, ஒரே தாளத்தில் ஓடியது. அவன் நாசிலுக்குப் போகிற டீசல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். தளர்த்தும்போதெல்லாம் இஞ்சின் திணறியது, இறுக்கியதும் தேறியது.

"பாத்துக்க. ஒண்ணுல டீசல கட் பண்ணா இஞ்சின் தடுமாறுதுன்னா, அது வேல செய்யுதுன்னு அர்த்தம். நாலும் வேல செய்யுது." பானெட்டைச் சாத்தினான். தான் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை அதன்மேல் வைத்தான். "டீ ஆடுதா பாரு."

டீயின் மேல்பரப்பு லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான்.

"அது பானெட்டுப்பா. இங்க கியர்ல வந்து கைய வெச்சுப் பாரு," என்றார் ஸ்டானிஸ்லாஸ். குரலில் கெஞ்சல் இருந்தது. ஃப்ளோரன்ஸ் அந்தக் குரலை அவரிடம் கேட்டதே இல்லை.

ஜெயவேல் கதவைத் திறந்து உள்ளே குனிந்து, கியர் குமிழ்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "ஒண்ணியும் இல்லியேண்ணாத்த."

"நீ வெச்சா இல்ல. நா வெச்சா உதறுது. அதுக்கும் ஆளு தெரியுது போல," என்று சிரித்துக்கொண்டே ஸ்டானிஸ்லாஸ் தன் இடது கையைக் குமிழ்மேல் வைத்தார். "இதோ. இன்னா சொல்ற இப்ப?"

உதறியது. முன்சீட்டிலிருந்து ஃப்ளோரன்ஸும் பார்த்தாள். அட, மனுஷன் சொன்னது நிஜம்தான் என்று ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. ஜெயவேல் மட்டும் சந்தோஷப்படவில்லை. அவன் குமிழைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். பிறகு ஸ்டானிஸ்லாஸைத் தாண்டிக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான்.

இஞ்சின் நின்றது. பட்டறையில் சட்டென்று அமைதி. கை நிற்கவில்லை. குமிழின்மேல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி உரசி, மணி உருட்டிக்கொண்டே இருந்தன.

ஃப்ளோரன்ஸ் விசிறுவதை நிறுத்தினாள். அவர் ஜெபம் சொல்லவில்லை. இத்தனை மாதமாக ஒரு நாள்கூட ஜெபம் சொல்லவில்லை. டிவி முன்னால் இந்தக் கையைப் பார்த்துத்தானே அவள் பூரித்துப்போனாள்? கோயிலில் உட்கார்ந்து பெருமை பேசினாளே! மாதாவே, இஞ்சின் போகட்டும், கியர் பாக்ஸ் போகட்டும், இந்த வண்டியே பழைய இரும்புக்குப் போகட்டும், வண்டியிலேயே ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டினாள். அப்படி ஒரு வேண்டுதலை அவள் வாழ்க்கையில் வைத்ததில்லை.

முதலில் வாய் திறந்தது ஜெயவேல்தான். "கியர் ராடு புஷ் தேஞ்சிருக்கும்ணாத்த. நாந்தான் கவனிக்கல. வண்டிய வுட்டுட்டுப் போ, மாத்தி வைக்கிறேன்."

கூடம் கோணல் என்று சொன்ன வாய் இப்போது கூடத்தைக் கோணலாக்கப் பார்த்தது. அவன்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் ஃப்ளோரன்ஸுக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஸ்டானிஸ்லாஸ் தலையை அசைத்தார். "இஞ்சின் ஆஃப்ல கீதுப்பா," என்றார்.

கையைக் குமிழிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அங்கேயும் அது சும்மா இருக்கவில்லை. எதிரே இருந்த ஸ்டீரிங்கை எட்டிப் பிடித்தார். பிடித்ததும் கை கல்லாக நின்றது. விட்டார், உதறியது. மறுபடி பிடித்தார், விட்டார். வேலை கொடுத்தால் நிற்கிறது, ஓய்ந்தால் உதறுகிறது. அவர் முகத்தைப் பார்க்க ஃப்ளோரன்ஸுக்குத் தைரியம் வரவில்லை.

"தூக்கம் பத்தலியா இருக்கும்ங்க," என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அது நம்பிக்கையில்லை. "நாளைக்கு நரம்பு டாக்டராண்ட காட்டிடலாம். மாத்திர குட்தா சரியாப்பூடும்."

"ம்."

"வேளாங்கண்ணிக்கு இன்னும் நாளு கீதுல்ல."

ஸ்டானிஸ்லாஸ் இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தார். "நீ பின்னால குந்து," என்றார். சாவியை ஜெயவேலிடம் நீட்டினார். "வூட்டாண்ட கொண்ணாந்து வுட்டுடுப்பா."

ஜெயவேல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

திரும்புகிற வழியில் லாரி வரிசை இன்னும் நீண்டிருந்தது. காசிமேட்டுப் பக்கத்தில் சுத்தமாக நின்றுபோயிற்று. வெயிலும் புகையும் மீன் வாடையுமாக ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. வண்டி நின்ற இடத்திலேயே இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், இடது கையை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப உதறுதா?" என்று கேட்டார்.

ஜெயவேல் கியர்மேல் கை வைத்தான். "இல்லண்ணாத்த."

"நல்லாப் பாரு."

அவன் நல்லாவே பார்த்தான். கையை எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தான். "இல்லண்ணாத்த. ஒண்ணியும் இல்ல."

"அப்ப வண்டி நல்லா கீது." ஸ்டானிஸ்லாஸ் தலையைத் திருப்பாமலே பின்சீட்டுக்குச் சொன்னார். "நோயலாண்ட சொல்லிடு. அவனே ஓட்டினு போவட்டும்."

ஃப்ளோரன்ஸ் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். முன்னால் லாரி கொஞ்சம் நகர்ந்தது. ஜெயவேல் கியரைப் போட்டான்.